தபசு மரத்து எலுமிச்சம்பழம்

அது பாரதந்தான தம்பி? அட்டையில தேரு, குதிர, வில்லு எல்லாம் போட்டிருக்குதே, அத வச்சிச் சொல்றன். எழுத்தப் பாத்துச் சொல்லல. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள இந்த பஸ்ஸு பாண்டிக்குப் போயி, டீ குடிச்சிட்டு, திரும்பி செஞ்சிக்கே வந்துடும். நான் மூணாங்கிளாசு. அதுவும் ரெண்டு தடவ.

கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளிக்கங்க. இல்ல இல்ல, இந்தச் சட்டப் பையில இடிக்காதீங்க, ஒரு சாமான் இருக்குது. ஒடையாது. நசுங்கிடும்.

எதுவரைக்கும் வந்திருக்கீங்க? சூதாட்டம் முடிஞ்சுதா? வனவாசமா! அப்ப அர்ச்சுனன் தபசு வந்துடுமே. வந்துடுச்சா? எத்தினி பக்கம்? நாலா? நாலே பக்கத்துல முடிச்சிட்டானா அந்த ஆளு? தம்பி, அந்த நாலு பக்கத்த ஏறி எறங்க எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு. அறுவதடி பனமரம்.

சிரிக்காதீங்க. இந்த மூஞ்சியப் பாத்தா அர்ச்சுனன் மாதிரியா இருக்குதுன்னுதான பாக்கறீங்க? எங்க வாத்தியாரும் அதான் சொன்னாரு. "எத்திராஜு, ஆண்டவன் ஒம் மூஞ்சியப் படைக்கும்போதே கட்டியங்காரன்னு எழுதிட்டான், மேல அரிதாரம் பூசி அழிக்க முடியாது." அவுரு பேரு தாண்டவராயன். எங்க கூத்து ஜமாவுக்கு அவருதான் வாத்தியாரு. நான் கட்டியங்காரன். தெரியுந்தான? ராசா வர்றதுக்கு முன்னாடி கோமாளி ஒருத்தன் வந்து, "ராசா வர்றாரு, ஒத்து, ஒத்து, அவுருக்கு வயித்துவலி"ன்னு கலாட்டா பண்ணுவானே, அவன். இருவத்தி ரெண்டு வருசம். துரியோதனன் தொடைய ஒடைச்சிக்கிட்டுக் கெடப்பான், சனம் அழும், அப்பவும் நான் போயி "அண்ணே, எண்ணெ தடவட்டுமா"ன்னு கேக்கணும். அதான் என் பொழப்பு.

பொஸ்தகம் படிக்கறீங்களே, ஒண்ணு கவனிச்சீங்களா? பாரதத்துல எல்லாருக்கும் ஒரு வரம் இருக்கும், இல்லன்னா ஒரு சாபம் இருக்கும். கர்ணனுக்கு ரெண்டும். பாண்டுவுக்குச் சாபம். பீஷ்மருக்கு வரம், அது சாபத்த விட மோசம். கட்டியங்காரனுக்கு? ஒண்ணுங் கெடையாது. அவன் பாரதத்துலயே கெடையாது. கூத்துல மட்டுந்தான் இருக்கான். எனக்கு அதான் ஆத்திரம். நமக்கும் ஒண்ணு இருக்கட்டுமே. வரம் இல்லாட்டி சாபமாவது இருக்கட்டுமே.

அப்படிக் கேக்கக் கூடாது தம்பி. அத மட்டும் எழுதி வச்சிக்கங்க.

எங்கூரு திரௌபதியம்மன் கோயில்ல வருசா வருசம் சித்திரையில பாரதம். பாதிக்கு மேல வந்தா தபசு. அர்ச்சுனன் பாசுபதம் வாங்கறதுக்குக் கைலாசம் போறான் இல்ல, அந்தக் கைலாசந்தான் பனமரம்; வெட்டிக் கொண்டாந்து, படி அடிச்சி, கோயில் முன்னால நட்டு வைப்பாங்க. பட்டப் பகல்ல, நாலு மணி வெயில்ல, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கிட்டு, படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கிட்டே ஏறணும். உச்சியில பரண். கீழ, புள்ள இல்லாத பொம்பளைங்க ஈரப் பொடவையோட மரத்தச் சுத்திக் கவுந்து படுத்திருப்பாங்க. அர்ச்சுனன் உச்சிக்குப் போயி, பாட்டு முடிச்சு, திருநீறும் பூவும் எல்லார் மேலயும் தூவுவான். கடைசியா ஒரே ஒரு எலுமிச்சம்பழம். பத்து நாளு அம்மன் காலடியில இருந்த பழம். அது எவ மடியில விழுதோ அவளுக்கு அடுத்த சித்திரைக்குள்ள புள்ள.

நம்புறீங்களா? நம்ப மாட்டீங்க, பேண்ட் போட்டிருக்கீங்க. எங்க அக்கா மக அப்படித்தான் பொறந்தா. அதுக்கு அக்கா வூட்டுக்காரனும் கொஞ்சம் ஒத்தாச பண்ணியிருப்பான், இல்லேங்கல.

எம் பொண்டாட்டி பேரு அஞ்சலாட்சி. அஞ்சு வருசம் அந்த மரத்தடியில படுத்தா. அஞ்சு வருசமும் பலராமன் பழத்த வேற எங்கியோ போட்டான். பலராமன்தான் எங்க ஜமாவுல அர்ச்சுனன். நல்ல ஒசரம், நல்ல தொண்ட, கண்ணு மட்டும் மாலைக்கண்ணு. ஒரு வருசம் பழத்தத் தவிலுக்காரன் தலையில போட்டான். அவனுக்கு ஏற்கெனவே ஆறு புள்ள.

ஆறு வருசம் முன்னாடி, கொடியேத்தத்துக்கு ரெண்டு நாளு இருக்கும்போது பலராமனுக்குச் சிக்குன்குன்யா. முட்டி ரெண்டும் பலாப்பழம் மாதிரி. மரம் ஏறறது இருக்கட்டும், கட்டில்ல ஏறவே ரெண்டு ஆளு புடிக்கணும். வாத்தியாரு தலையில கைய வச்சிக்கிட்டாரு. நான் போயி முன்னால நின்னன். மொத படியில இருந்து கடைசிப் படி வரைக்கும் அத்தினி பாட்டும் பாடினன். பதினாறு வருசமா தெர மறப்புக்குப் பின்னால நின்னு கேட்டது, சும்மாவா போவும்? வாத்தியாரு அழுதுட்டாரு. சந்தோசத்துலயா, வேற வழியில்லாமலான்னு இன்னி வரைக்கும் தெரியல.

காப்பு கட்டிட்டாங்க. மஞ்சக் கயிறு, இந்தக் கையில. கட்டிட்டா பத்து நாளு வெரதம். வூட்டுக்குப் போகக் கூடாது, பொண்டாட்டியத் தொடக் கூடாது, கவுச்சி கூடவே கூடாது. கோயில்லயே படுக்க. ஒரு வேள பச்சரிசிச் சோறு, மத்த வேளைக்குப் பாலும் பழமும். 

மொத நாளு அஞ்சலாட்சி தள்ளி நின்னு பேசினா. "இந்தா. நான் கெழக்குப் பக்கம் படுப்பன். நீலப் பொடவ. நேரா எம் மடியில போடு."

"அடியே, அது சாமி போடறதுடி. ஆளு பாத்துப் போட்டா ஏமாத்து வேல இல்லியா?"

"அம்மனுக்குத் தெரியாமலா அந்த மாலைக்கண்ணனப் படுக்க வச்சிட்டு ஒன்ன ஏத்தறா? வாய மூடிக்கிட்டுப் போடு."

அவ சொன்னா மறுபேச்சு இல்ல. கூத்துல நான் ராசாவையே கிண்டல் பண்ணுவன். வூட்டுல அவதான் கட்டியங்காரன், நான் ராசா. யாரு பேச்சு எடுபடும்னு தெரியுந்தான?

அந்தப் பத்து நாளு தம்பி! ஊரே கும்புடுது. பெருசு சிறுசு எல்லாம் "சாமி, சாமி". முந்தின வாரம் "டேய் எத்திராஜு, பீடி இருக்காடா"ன்னு கேட்டவன் கால்ல விழறான். நானும் ஆசீர்வாதம் பண்ணன். நல்லாத்தான் இருந்துது. நெசமாவே அர்ச்சுனன் ஆயிட்டன்னு நெனச்சன். 

தபசன்னிக்குக் காத்து அடிச்சிடுச்சு தம்பி. அதான் நடந்தது. உச்சியில நின்னு பழத்தப் போட்டன், நேரா நீலப் பொடவையப் பாத்துத்தான் போட்டன், காத்துல ஒதுங்கி வேற ஒருத்தி மடியில விழுந்துடுச்சு. பச்சையம்மான்னு பக்கத்தூருப் பொண்ணு, அது வரைக்கும் நான் பாத்ததே கெடையாது. அவளுக்கு அடுத்த மாசியில பொண்ணு பொறந்துது. பையனா இருந்தா அர்ச்சுனன்னு வச்சிருப்பா, பொண்ணுங்கறதால அர்ச்சனா. வருசா வருசம் பொறந்த நாளுக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து எங்கால்ல போடுவா. "சாமி குடுத்த புள்ள." எங்க வூட்டு வாசல்லயே. புள்ள இல்லாத வூட்டு வாசல்ல. அஞ்சலாட்சி உள்ள இருந்து வந்து புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி வெல்லம் குடுப்பா, தல சீவி விடுவா. அந்தப் புள்ளையும் அவள "பெரிம்மா"ங்கும். 

பாருங்க, என் நெலமைய. என் வூட்டுக்கு வர வேண்டியது அது.

இப்ப அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டையாம். அஞ்சு வயசு. ஓடினா ஒதடு நீலமாயிடுது. பாண்டியில பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க, நாளைக்குக் காலையில ஆப்ரேசன். நேத்து பச்சையம்மா மறுபடியும் போன் பண்ணா. "சாமி, நீங்க குடுத்தது. நீங்க வந்து திருநீறு வச்சி, ஒரு பழத்த அவ தலமாட்டுல வச்சிட்டுப் போங்க. அப்பதான் நான் கையெழுத்துப் போடுவன்." டாக்டருங்க அவள ரெண்டு நாளா கெஞ்சறாங்களாம் தம்பி. டாக்டரு சொன்னா போட மாட்டாளாம், நான் போயி நின்னாதான் போடுவாளாம். நான் யாரு? மூணாங்கிளாசு.

பஸ்ஸு ஏன் நிக்குது? திண்டிவனமா. சரி, அவன் டீ குடிக்கட்டும்.

தம்பி, ஒங்களத் தெரியாது எனக்கு. எறங்கிட்டா நீங்க யாரோ, நான் யாரோ. அதனால கேக்கறன். ஒரு ஆளு நெசத்தச் சொல்லிட்டா, அதனால ஒரு கொழந்தைக்கு நடக்க வேண்டியது நடக்காம போயிடும்னா, நெசத்தச் சொல்லணுமா?

அன்னிக்குக் காத்து அடிக்கல.

ஒரு எல ஆடல. சித்திர மாசம் நாலு மணிக்கு எங்கூருல ஏது காத்து.

ஒம்பதாம் நாளு நடந்தது அது. மத்தியானம் வாய்க்கால்ல குளிச்சிட்டுக் கோயிலுக்குத் திரும்பறன். வழியில எங்க அக்கா வூடு. அக்கா களத்துக்குப் போயிருக்கா. அடுப்புல சட்டி. வாசன தெருவுக்கே வந்து கையப் புடிச்சி இழுக்குது. வாளக் கருவாடும் கத்திரிக்காயும். மோந்து பாக்கலாம்னுதான் போனன், சத்தியமா. மோந்து பாத்தா வெரதம் முறியாது, அத வாத்தியார்கிட்ட முன்னாடியே வெவரமாக் கேட்டு வச்சிருந்தன். மூடியத் தொறந்தன். மோந்தன். அப்பறம் கொழம்பு எந்த அளவுக்குச் சூடா இருக்குதுன்னு பாக்கறதுக்கு வெரல வச்சன். வெரல நக்கினன். நக்கினப்பறம் வெரதம் போயிடுச்சே, போனது போச்சு, பாதி போனா என்ன முழுசாப் போனா என்னன்னு ஒக்காந்து தின்னன். நாலு துண்டு. காப்பு கட்டின கையால. சாட்சி ஒரு கோழி.

சிரிங்க, சிரிங்க. நானும் அன்னிக்குச் சிரிச்சன். கட்டியங்காரன் புத்தி, பத்து நாளு அர்ச்சுனனா இருக்க முடியுமான்னு. கைய மண்ணு போட்டுத் தேச்சன், வேப்பெல போட்டுத் தேச்சன். யாருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. இன்னி வரைக்கும் ஒங்களுக்கும் அந்தக் கோழிக்கும் மட்டுந்தான் தெரியும். அந்தக் கோழிய அக்கா அடுத்த வாரமே அடிச்சிட்டா.

மறுநாளு மரம் ஏறறன். நாப்பது படி வரைக்கும் ஒண்ணுந் தெரியல. பாட்டு தானா வருது. கீழ ஊரு சின்னதாவுது. உச்சியில நின்னு பழத்தக் கையில எடுத்தன். அந்தக் கையில. வாசன அடிச்சுது தம்பி. பழ வாசன இல்ல.

கீழ பாத்தன். தவில் கொட்டினதும் பொம்பளைங்க எழுந்து மண்டி போட்டு முந்தானைய விரிச்சிட்டாங்க. கெழக்குப் பக்கம் நீலப் பொடவ. மொகத்தத் தூக்கி என்னியே பாக்கறா. அஞ்சு வருசமாப் படுத்தவ. இந்தக் கையால இந்தப் பழத்த அவ மடியில போட்டா, என்னா பொறக்கும்? கை இல்லாமப் பொறக்குமா, கண்ணு இல்லாமப் பொறக்குமா? அம்மன் என்னா பண்ணுவா? சனம் "கோவிந்தா"ங்குது. போட்டுத்தான் ஆவணும். போடாம எறங்கினா ஊருக்கே ஆகாது.

மேக்குப் பக்கம் ஒரு ஓரத்துல ஒருத்தி. மஞ்சப் பொடவ. யாரு எவருன்னு தெரியாது. தெரியாதவதான, அவளுக்கு எதாச்சும் ஆனா நமக்கு என்னா.

அப்படித்தான் நெனச்சன். அதே வார்த்த. கிரீடத்த வச்சிக்கிட்டு, அறுவதடி மேல நின்னுக்கிட்டு. வீசிட்டன்.

குறி தப்பல தம்பி. பலராமன் இருவது வருசம் போட்டும் தப்பினான். நான் ஒரே தடவ, நேரா மடியில.

புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னு கேட்டதும் எங்கூரு நர்ஸம்மாகிட்ட போனன். "ஏம்மா, கருவாட்டுக்கும் நெஞ்சுல ஓட்ட விழறதுக்கும் சம்பந்தம் உண்டா"ன்னு கேட்டன். அந்தம்மா, "ஆப்ரேசன் முடியற வரைக்கும் புள்ளைக்குக் கருவாடெல்லாம் குடுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஊசி போடப் போயிட்டாங்க. வாத்தியாரக் கேட்டன், கருவாட்டச் சொல்லாம, பொதுவா. "எல்லாம் தலையெழுத்துடா"ன்னாரு. தலையெழுத்துன்னா சரி, ஆனா எழுதினவன் கையில என்னா வாசன அடிச்சுதுன்னு யாரு பாத்தா?

அதனால முடிவு பண்ணிட்டன். போயி பச்சையம்மாகிட்ட கருவாட்டச் சொல்லிடறது. "நான் சாமி இல்லம்மா, என்னை நம்பாத, டாக்டர நம்பு." சொல்லிட்டா என் பாரம் எறங்கிடும். அவ கையெழுத்துப் போடாம புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டா? அதான் தெரியல.  

இது போதாதுன்னு வூட்டுலயும் ஒரு தொந்தரவு. எம் பொண்டாட்டி. பத்து நாளா வூட்டுல ஒரு முட்ட கெடையாது! புள்ளைக்கு ஓட்டைன்னு மொத போன் வந்த நாள்ல இருந்து புடிச்ச பீட. மீன்காரன் டிவிஎஸ்ஸு ஹாரன் தெருமுனையில கேட்டா கதவச் சாத்திக்கறா. கேட்டா, "ஒனக்குப் பித்தம் ஏறியிருக்குது." பால், வாழப்பழம், பச்சரிசிச் சோறு. அட, பருப்புலயாவது ஒரு பூண்டு போடுடின்னா போடல. படுக்கையும் தனி. "வெயிலு, நீ வெளிய படு." பாதி வயசு ஆன மனுசன வெளிய போட்டுட்டு உள்ள தாப்பா போட்டுக்கறா. இதெல்லாம் நாயமா சொல்லுங்க. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு மனசு ஒடிஞ்சி கெடக்கறவனுக்கு ஒரு கருவாடு சுட்டுத் தர ஆளில்ல.

எப்பவும் அவ அப்படித்தான். அந்தத் தபசு முடிஞ்ச அன்னிக்கே பாருங்களேன். ஊரே எங் கால்ல விழுது. காப்பு அவுக்கறதுக்கு எங்கையப் புடிச்சா. முடிச்சு இறுகிப் போச்சு, பல்லால கடிச்சி அவுத்தா. அவுத்துட்டு என்னா பண்ணா தெரியுமா? நேரா போயி சோப்புப் போட்டுக் கையும் வாயும் கழுவிட்டு வந்தா. பத்து நாளு சாமியா இருந்தவன் காப்பு! கண்ணுல ஒத்திக்க வேணாமா? ஏன் பழத்த எனக்குப் போடலன்னு அன்னிக்கும் கேக்கல, இன்னி வரைக்கும் கேக்கல. ஒரு வார்த்த. அடுத்த வருசத்துல இருந்து மரத்தடியில படுக்கவும் போகல.

இன்னிக்குக் கூட, நான் கெளம்பறன். அவளும் கூட வந்தா என்ன? "எனக்கு வேல இருக்குது"ங்கறா. விடியக்காலம் கெணத்துல தண்ணி சேந்தி தலையோட ஊத்திக்கிட்டு நிக்கறா, பொடவ மாத்தல. "சளி புடிக்கப் போவுதுடி, இப்படியே எங்க போற?" "சுள்ளி பொறுக்க." இந்தப் பழத்தக் கொண்டாந்து அவளேதான் சட்டப் பையில போட்டா. என் கையில குடுக்கல. "அங்க போயி வாயத் தொறக்காத. அவ பாரத்தோட ஒன் பாரத்தையும் ஏத்தாத. திருநீறு வையி, பழத்த வையி, வா." அதோட விட்டாளா? தெருமுன வரைக்கும் வந்து, "கைய மோந்து பாத்துட்டுப் பழத்தத் தொடு"ன்னா. நான் கூட, காலங்காத்தால பீடி குடிச்சன்ல, அதுக்குச் சொல்றான்னு...

இருங்க.

தம்பி, இருங்க. கைய மோந்து பாத்துட்டு.

பல்லால கடிச்சிதான அவுத்தா. மஞ்சக் கயிறு. கொழம்புல நனஞ்ச கயிறு. கைய மண்ணு போட்டுத் தேச்சன், கயித்தத் தேய்க்கலியே.

அப்ப அன்னிக்கே தெரியும். ஆறு வருசமா தெரியும். தெரிஞ்சுதான் அந்தப் புள்ளைக்கு வெல்லம் குடுத்தா.

பாலு, பழம், பச்சரிசி. தனியாப் படுக்க. மொத போன் வந்தது போன செவ்வாய்க்கு முந்தின திங்கள்... இன்னியோட பத்து. சரியாப் பத்து தம்பி. காப்பு மட்டுந்தான் கட்டல. கட்டினா எனக்குத் தெரிஞ்சிடும்னு கட்டல.

ஈரப் பொடவையோட எவ சுள்ளி பொறுக்கப் போவா? கோயில் பக்கந்தான் போனா. இப்ப மரங்கூட நட்டிருக்க மாட்டாங்க, வெறுந் தரையிலதான் படுத்திருப்பா. வெயிலு வேற ஏறுது.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்கா? கண்டக்டரே, ஒரு நிமிசம், எறங்கறன், எறங்கறன்! தம்பி, அது தண்ணி பாட்டில்தான? மூடியத் தொறங்க. சன்னலுக்கு வெளிய கைய நீட்டறன், ஊத்துங்க. இன்னும் கொஞ்சம். வெரலு இடுக்குல.

எங் கைய மோந்து பாருங்க. நீங்க பாருங்க, எனக்கு என் மூக்கு மேல நம்பிக்க இல்ல. ஒண்ணும் இல்லியே? நெசமா?

இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.